நான் இல்லாத வெற்றிக்கு நான் அழலாமா?

கேள்வி: நான் மாசசூசெட்ஸில் வளர்ந்தவள், வயது 35. 19, 20 வயதில் இரண்டு கோடைகள் பாஸ்டன் குரூசேடர்ஸ் என்ற டிரம் கோர் குழுவில் மெல்லோஃபோன் என்ற பித்தளைக் குழல் வாசித்தேன். மூன்றாவது கோடையில் இன்டர்ன்ஷிப் கிடைத்ததால் விட்டுவிட்டேன். எங்கள் காலத்தில் முதல் ஐந்து இடங்களுக்குள் நாங்கள் வந்ததே இல்லை. 2025 ஆகஸ்டில் குழு முதல் முறையாகச் சாம்பியன் ஆனது. வீட்டில் நேரலையில் பார்த்துவிட்டு நள்ளிரவு வரை அழுதேன். "நீ அதுல இல்லையே, எதுக்கு இப்படி அழறே?" என்று கணவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த அழுகையில் பாதி பொறாமை என்பது எனக்கே தெரியும். இப்போது பழைய உறுப்பினர்கள் ஒன்றுகூடுகிறார்கள். 21 வயது வரை இருந்து முடிக்காத நான் அங்கே போகலாமா? அந்தப் பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ள எனக்கு உரிமை உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கணவர் கேட்டதும், நீங்கள் பொறாமை என்று சொல்வதும்தான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியவை.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் டிரம் கோர் என்ற பேரையே கேள்விப்படாத வாசகர்கள் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்கன் ஃபுட்பால் மைதானம் முழுக்க 150-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் பரவி, ஓடிக்கொண்டே வாசிப்பார்கள். பித்தளைக் குழல்களும் தாள வாத்தியங்களும்தான் பிரதானம். கிளாரினெட், புல்லாங்குழல் எல்லாம் கிடையாது. கூடவே கொடிகளையும் மரத் துப்பாக்கிகளையும் வானில் சுழற்றிப் பிடிக்கும் கலர் கார்டு. மொத்தமே பத்துப் பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சி. அதற்காக ஒரு கோடை முழுவதையும் கொடுக்கிறார்கள். இரவில் பேருந்தில் அடுத்த ஊருக்குப் பயணம், அங்கே ஏதோ ஒரு பள்ளியின் ஜிம் தரையில் படுக்கை, விடிந்தால் வெயிலில் பயிற்சி. சம்பளம் கிடையாது. ஆயிரக்கணக்கான டாலர் கட்டணத்தை அவர்கள்தான் கட்ட வேண்டும். 21, 22 வயதானால் வெளியே போய்விட வேண்டும். எவ்வளவு திறமை இருந்தாலும் அதற்கு மேல் இடமில்லை.

இதில் மதிப்பெண் 100-க்கு, மூன்று தசம இலக்கம் வரை போடுவார்கள். இல்லினாய்ஸின் ராக்ஃபோர்டிலிருந்து வரும் ஃபேன்டம் ரெஜிமென்ட் என்ற குழு 1977, 78, 79 என்று வரிசையாக மூன்று வருடம் இரண்டாம் இடத்தில் நின்றது. 1996-இல் புளூ டெவில்ஸ் என்ற குழுவுடன் சேர்ந்து பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. தனியாக வென்றது 2008-இல்தான். 98.125-க்கு 98.100, அவ்வளவே வித்தியாசம். இந்த உலகத்தில் காத்திருப்பு என்பது ஒரு குழுவின் குணமாகவே ஆகிவிடுவது உண்டு.

அப்படிக் காத்திருந்தவர்களில் உங்கள் குழுவைப் போல இன்னொன்று எனக்குத் தெரியவில்லை. 1940-இல் பாஸ்டன் நகரின் ஹைட் பார்க் பகுதியில், மோஸ்ட் பிரெஷஸ் பிளட் என்ற கத்தோலிக்க ஆலயத்தின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கிய குழுக்களில் அதுவும் ஒன்று. அந்த அமைப்பின் முதல் சாம்பியன்ஷிப் 1972-இல் விஸ்கான்சினின் வைட்வாட்டரில் நடந்தது. ஆனால் பாஸ்டன் குழு முதல் 12 இடங்களுக்குள் வந்து இறுதிச் சுற்றில் ஆடியது 1999-இல்தான், மேடிசன் நகரில். தானே சேர்ந்து தொடங்கிய போட்டியின் இறுதி இரவில் நிற்க 27 வருடம் ஆனது. அடுத்த வருடமே ஐந்தாம் இடத்துக்குத் தாவியது. அப்புறம் ஏறி இறங்கி, 2016-இல் 12-ஆம் இடம். 2017-இல் ஆறாவது. 2022-இல் இரண்டாவது. 2025 ஆகஸ்ட் 9 இரவு, இண்டியானாபொலிஸின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் முதலிடம்.

85 வருடக் காத்திருப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, காத்திருந்தது யார்?

அன்றிரவு மைதானத்தில் நின்ற பிள்ளைகள் அதிகம் போனால் நான்கைந்து கோடைகள் காத்திருந்திருப்பார்கள். சிலருக்கு அதுதான் முதல் கோடை. நீங்கள் மெல்லோஃபோனைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறிய வருடத்தில் அவர்களில் மூத்தவருக்கே ஆறு ஏழு வயதுதான் இருந்திருக்கும். 1999 மேடிசனோ 2016-இன் 12-ஆம் இடமோ அவர்கள் அனுபவித்தவை அல்ல, கேள்விப்பட்டவை. அந்தப் பிள்ளைகளின் உழைப்பு பெரியது, பட்டம் அவர்களுடையது, அதில் பங்கு கேட்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் காத்திருப்பு அவர்களுடையது அல்ல. அது 1950-களில் வாசித்து இப்போது பேரப்பிள்ளைகள் எடுத்துவிட்ட கிழவர்களுடையது. இறுதிச் சுற்றைப் பார்க்காமலே வயது முடிந்து வெளியேறியவர்களுடையது. உங்களுடையது. "நீ அதுல இல்லையே" என்ற கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்த நேர்மையான பதில் இதுதான்: "ஜெயிச்சதில் நான் இல்லை, காத்திருந்ததில் இருந்தேன்."

இது ஆறுதலுக்காகச் சொல்வதல்ல. கணக்காகப் பார்த்தாலும் அப்படித்தான் வருகிறது. ஐந்தாறு வருடத்தில் ஆட்கள் மொத்தமாக மாறிவிடும் ஒரு குழு எப்படி 85 வருடம் தொடர முடியும்? ஒவ்வொரு கோடையிலும் பழையவர்கள் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். குழலை எந்த உயரத்தில் பிடிப்பது என்பதிலிருந்து, பேருந்தில் யார் எங்கே தூங்குவது என்பது வரை. உங்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்தார். நீங்கள் இரண்டாவது கோடையில் யாருக்கோ சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். அப்புறம் அந்தக் கட்டணம். ஜெயிக்கும் வாய்ப்பில்லை என்று தெரிந்தே பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் எந்த ஒரு காலத்திலாவது இல்லாமல் போயிருந்தால், குழு அந்த வருடத்தோடு மூடப்பட்டிருக்கும். அப்படி மூடப்பட்ட டிரம் கோர் குழுக்கள் அமெரிக்காவில் எண்ணிக்கையில் அடங்காது. பாஸ்டனையே சுற்றி 1970-களில் எத்தனையோ இருந்தன. 2025-இல் ஒரு பிள்ளை சேர்வதற்குக் குழு என்று ஒன்று உயிரோடு இருந்ததற்கு, சுமாரான இடங்கள் வாங்கிய வருடங்களின் ஆட்கள்தான் காரணம்.

பொறாமைக்கு வருகிறேன். அந்தச் சொல்லை நீங்களே எழுதியதற்கு எனக்கு உங்கள் மேல் மரியாதை கூடியது. ஆனால் அது பொறாமைதானா என்று எனக்குச் சந்தேகம். அந்தப் பிள்ளைகளிடமிருந்து பட்டத்தைப் பிடுங்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கவில்லை. அவர்கள் தோற்றிருக்கலாம் என்றும் நினைக்கவில்லை. உங்களை வருத்துவது வயது வரம்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. வீணையை 40 வயதில் மறுபடி எடுக்கலாம். நின்றுபோன பரதநாட்டிய வகுப்புக்கு மறுபடி போகலாம். இந்தக் கதவு மட்டும் 22-இல் சாத்திக்கொள்கிறது. நீங்கள் இன்டர்ன்ஷிப்புக்காக அதை ஒரு வருடம் முன்னதாகவே நீங்களே சாத்திவிட்டு வந்தீர்கள். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டாட்டம் நடப்பதைப் பார்த்தால் யாருக்கும் அழுகை வரும். மகிழ்ச்சியையும் இதையும் பிரித்து, எது எவ்வளவு என்று அளக்க வேண்டாம். இரண்டும் அதே குழுவின் மேல் வைத்த அன்பிலிருந்து வந்தவை.

இரண்டு கோடைகளோடு விட்டதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு கோடை இருந்தவர்கள் ஏராளம். அடிபட்டுத் திரும்பியவர்கள், பணம் கட்ட முடியாமல் நின்றவர்கள், உங்களைப் போல வேலைக்காக விட்டவர்கள் எல்லாம் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். கோடை முழுக்க அமெரிக்காவில் பேருந்திலும் பள்ளித் தரையிலும் கழிக்கப்போகிறேன் என்று ஒரு தமிழ் வீட்டில் அப்பா அம்மாவிடம் சொல்லி, சம்மதமும் வாங்கியவர் நீங்கள். இரண்டு முறை! அது லேசுப்பட்ட காரியமா?

கூட்டத்துக்குப் போகும்போது ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். 2025 பிள்ளைகள் யாராவது வந்திருந்தால், "எங்கள் காலத்தில்" என்று ஆரம்பிக்காதீர்கள். மைக், சின்தசைஸர், பெரிய பெரிய மேடைப் பொருட்கள் எல்லாம் வந்து கலை கெட்டுவிட்டது என்று பேசும் பழையவர்கள் சிலர் எல்லாக் குழுவிலும் உண்டு. 1999 வரை ஜி சுருதி பியூகிள் என்ற பித்தளைக் குழல்கள் மட்டும்தான், 2004-க்கு முன் ஒலிபெருக்கி கிடையாது என்று பட்டியல் போடுவார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் அன்றைக்கு அது வேண்டாம். அந்தப் பிள்ளைகளிடம் கடைசி வாரம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருங்கள். அவர்களும் இன்னும் இரண்டு வருடத்தில் உங்கள் பக்கம் வந்து நிற்கப்போகிறவர்கள்தான்.

கணவர் விஷயம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவர் புண்படுத்தக் கேட்டதாகத் தெரியவில்லை. தெரியாமல் கேட்டிருக்கிறார். அவருக்கு யூடியூப் வீடியோ காட்டிப் பிரயோஜனமில்லை. 70-க்கும் மேற்பட்ட பித்தளைக் குழல்கள் ஒரே நேரத்தில் உங்களை நோக்கித் திரும்பி வாசிக்கும்போது நெஞ்சில் வந்து மோதுவதை எந்த ஸ்பீக்கரும் தராது. அடுத்த ஜூலையில் உங்கள் பக்கம் நடக்கும் ஏதாவது ஒரு ஷோவுக்கு அவரை அழைத்துப் போங்கள். இறுதிப் போட்டியாக இருக்க வேண்டிய அவசியமில்லை, ஒரு உயர்நிலைப் பள்ளி மைதானமே போதும். சீக்கிரமாகப் போய், வாகனம் நிறுத்துமிடத்தில் டிரம் வரிசைகள் கை சூடாக்கும் இடத்தில் அவரை நிற்க வையுங்கள். ஸ்னேர் டிரம் அடிப்பவர்கள் பத்துப் பேர் ஒரே கையாக அடிப்பதைப் பத்தடி தூரத்தில் பார்த்த பிறகு அவர் வேறு கேள்விகள் கேட்பார். அப்போது வெற்றியைப் பற்றிப் பேசாமல், உங்கள் இரண்டு கோடைகளில் மிக மோசமாகப் போன ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள். நீங்கள் ஏன் அழுதீர்கள் என்பது அந்தக் கதையில்தான் அவருக்கு விளங்கும்.

இன்னும் இரண்டு வழிகள் உண்டு. வயது வரம்பில்லாத குழுக்கள் கிழக்குக் கரையில் நன்றாகவே இயங்குகின்றன. பென்சில்வேனியாவின் ரீடிங் பக்கனீர்ஸ், நியூ ஜெர்சியின் ஹாதோர்ன் கபயேரோஸ் போன்றவற்றில் வேலைக்குப் போகிறவர்கள் வார இறுதிகளில் பயிற்சி எடுத்து ஆடுகிறார்கள். 35 அங்கே பெரிய வயதே அல்ல. வாசிக்க நேரமில்லை என்றால், சுற்றுப்பயணத்தில் சமையல் வண்டிக்கு எப்போதும் ஆள் தேவைப்படும். இத்தனை பேருக்குத் தினமும் நான்கு வேளைச் சாப்பாடு தயாராக வேண்டும், அதில் பெரும்பகுதியைத் தன்னார்வலர்கள்தான் செய்கிறார்கள். ஒரு வார விடுமுறை எடுத்துக் கணவரோடு போய் நில்லுங்கள். குளிர்காலத்திலேயே குழுவின் அலுவலகத்துக்கு எழுதிவிடுங்கள். கோடை நெருங்க நெருங்க வாரங்கள் நிரம்பிவிடும்.