‘ஹீ’யா ‘ஷீ’யா: சட்டம் எதுவரை தலையிடும்? வாசகர் கேள்விகள்

கேள்வி: கனடாவில் ஒருவரைத் தப்பான பிரதிப்பெயரில் (‘ஹீ’, ‘ஷீ’ போன்ற சொல்லில்) அழைத்தால் ஜெயில் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நிஜமா?

இல்லை. அது 2017 ஜூனில் சட்டமான சி-16 மசோதாவைப் பற்றிய பேச்சு. மசோதாவை எடுத்துப் படித்துப் பாருங்கள், சில பத்திகள்தான், பிரதிப்பெயர் என்ற சொல்லே அதில் கிடையாது. இனம், மதம், வயது என்று பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களின் பட்டியல் ஒன்று ஏற்கெனவே இருந்தது, அதில் பாலின அடையாளமும் (ஒருவர் தன்னை எந்தப் பாலினமாக உணர்கிறார் என்பது) பாலின வெளிப்பாடும் (அதை உடையிலும் நடையிலும் காட்டுவது) சேர்ந்தன. குற்றவியல் சட்டத்தின் வெறுப்புப் பிரசாரப் பிரிவுகளிலும் சேர்த்தார்கள்தான், ஆனால் அவை ஒரு மக்கள் பிரிவையே அழிக்கச் சொல்பவருக்கும் அவர்கள்மேல் வெறுப்பைத் தூண்டிவிடுபவருக்கும் உள்ளவை.

கேள்வி: அப்படியானால் ஜோர்டன் பீட்டர்சன் கிளப்பியது வெறும் பீதியா?

பாதி. 2016இல் டொரொண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்துகொண்டு, மனம் ஒப்பாத பிரதிப்பெயரைச் சட்டமே சொல்லவைக்கும் என்று இந்த மசோதாவை எதிர்த்தார். ஆனால் சி-16 மத்திய அரசின் கீழ் வரும் வங்கி, விமான நிறுவனம் போன்ற இடங்களுக்குத்தான். அவருடைய பல்கலைக்கழகம் ஒன்டாரியோ மாகாணச் சட்டத்தின் கீழ் வருவது, அங்கே இதே பாதுகாப்பு 2012லேயே வந்துவிட்டது.

இன்னொரு பாதியை நான் ஒதுக்க மாட்டேன். ‘இதைச் சொல்லாதே’ என்று சட்டம் தடுப்பது ஒன்று, ‘இதைத்தான் சொல்ல வேண்டும்’ என்று வாயில் சொல்லைத் திணிப்பது வேறொன்று, இரண்டாவது இன்னும் ஆபத்தானது. பள்ளிப் பிள்ளைகளைக் கொடிக்கு வணக்கம் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943இல் சொன்னது இதனால்தான்.

கேள்வி: சரி, கோடு எங்கே விழுகிறது?

ஒரு வழக்கைச் சொல்கிறேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் உணவகம் ஒன்றில் பரிமாறும் வேலைக்கு வந்த திருநர் ஒருவர், தன்னை ஆண் பெண் என்று பிரிக்காத ‘தே’ என்ற பிரதிப்பெயரால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பார் மேலாளர் ‘ஷீ’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார், போதாததற்கு ‘ஸ்வீட்ஹார்ட்’, ‘ஹனி’ என்றும் கூப்பிட்டார். பரிமாறுபவர் நிர்வாகத்திடம் முறையிட்டும் பயனில்லை, கடைசியில் வேலை போனது அவருக்குத்தான். 2021இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் 30,000 டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இதில் யாருடைய கருத்தும் பறிபோகவில்லை. பாலினம் பற்றி அந்த மேலாளர் எதை வேண்டுமானாலும் நம்பலாம், கட்டுரைகூட எழுதலாம், ஆனால் சம்பளத்துக்காக அங்கே நின்றாக வேண்டிய ஒருவரை நாள் தவறாமல் குத்திக்கொண்டிருப்பது கருத்துச் சொல்வது ஆகாது, அது நடத்தை.

கேள்வி: அமெரிக்காவில் பேராசிரியர் ஒருவர் ஜெயித்தாரே?

ஆமாம், ஒஹாயோவில், அதே 2021இல். தன்னை ‘ஷீ’ என்று சொல்லக் கேட்ட திருநங்கை மாணவர் ஒருவரைக் குடும்பப் பெயரால் மட்டும் அழைக்கிறேன், ‘ஹீ’யும் வேண்டாம் ‘ஷீ’யும் வேண்டாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார், பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. பேச்சுரிமை, மத உரிமை இரண்டின் பேரிலும் அவர் வழக்கை நடத்தலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்த நடுவழி அந்த மாணவருக்கு வலிக்காது என்று நான் சொல்ல மாட்டேன், மற்ற எல்லோரையும் ஒரு மாதிரி, தன்னை மட்டும் வேறு மாதிரி கூப்பிடுவது யாருக்கும் உறைக்கும். ஆனாலும் மனம் ஒப்பாத சொல்லைச் சொல்லவைக்க அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அதிகாரம் இருப்பதைவிட இது தேவலை என்றே நினைக்கிறேன்.

கேள்வி: பழக்கதோஷத்தில் மாற்றிச் சொல்லிவிட்டால்?

‘ஸாரி’ என்று திருத்திக்கொண்டு பேச்சைத் தொடருங்கள். ஐந்து நிமிஷம் மன்னிப்புக் கேட்டால் அவர்தான் உங்களைத் தேற்ற வேண்டிவரும்.