எந்த மாத்திரை, எந்த நேரம்: சிறுநீரக வார்டுக்குப் புதிதாக வந்த நர்ஸ்களுக்கு

கே: செவிலமர் மாத்திரையைக் காலை 6 மணி மருந்துகளோடு கொடுத்துவிட்டேன். சீனியர் சிஸ்டர் திட்டினார். அப்படி என்ன தப்பு? – கும்பகோணம்

ப: திட்டியது சரிதான். சாப்பாட்டில் இருக்கும் பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றுவதுதான் செவிலமரின் வேலை. கால்சியம் அசிடேட்டும் அப்படித்தான். வெறும் வயிற்றில் பிடிக்க என்ன இருக்கிறது? இட்லித் தட்டு வரும்போது கொடுங்கள். ஒருவேளை சாப்பிடவில்லை என்றால் அந்த வேளை மாத்திரையும் வேண்டாம்.

கே: நோயாளியின் ரத்தத்தில் பொட்டாசியம் 7, ஆபத்தான அளவு. கால்சியம் குளுக்கோனேட் போட்டோம். மறுபடி பார்த்தால் அதே 7. மருந்து வேலை செய்யவில்லையா? – திருவாரூர்

ப: செய்தது. அது பொட்டாசியத்தைக் குறைக்கிற மருந்தே இல்லை, இதயத்தைக் காக்கிற மருந்து. ஈசிஜியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் போட வேண்டும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான் தாங்கும். அதற்குள் டெக்ஸ்ட்ரோஸோடு (குளுக்கோஸ்) இன்சுலின் போட்டு, பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுகிறோம். உடம்பை விட்டு வெளியேற்ற டயாலிசிஸ்தான் நம்பகமான வழி.

இந்த இன்சுலினில்தான் எனக்குப் பயம் அதிகம். மில்லிக்கு 40 யூனிட் குப்பிக்கு சிவப்பு மூடி சிரிஞ்சு, மில்லிக்கு 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி. மாறினால் அளவே தப்பிவிடும். சிறுநீரகம் பழுதானவருக்கு இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். அதனால் 6 மணி நேரம்வரை மணிக்கொருமுறை சுகர் பாருங்கள். கால்சியம் போன லைனிலேயே பைகார்பனேட்டைக் கலந்துவிடாதீர்கள், வெள்ளையாகத் திரிந்துவிடும். அப்புறம், பார்க்க வரும் சொந்தக்காரர் கையில் பொட்டாசியம் நிறைந்த இளநீர் இருக்கிறதா என்றும் ஒரு கண் வையுங்கள்.

கே: டயாலிசிஸ் அன்று காலை பிரஷர் மாத்திரை கொடுக்கலாமா? – மயிலாடுதுறை

ப: ஆளுக்கு ஆள் மாறும். நடுவில் பிரஷர் இறங்குகிறவருக்கு முடிந்த பிறகு கொடுக்கச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கே: ரத்தம் ஊறப் போடும் எரித்ரோபாய்டின் ஊசி வாரம் தவறாமல் போகிறது, ஹீமோகுளோபின் ஏறவில்லை. – பட்டுக்கோட்டை

ப: இரும்புச்சத்து எவ்வளவு என்று பார்த்தார்களா? விதை இல்லாமல் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சி என்ன பயன்? ஊசி மருந்தைக் குலுக்கக் கூடாது, 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். போடும் முன் பிரஷர் பாருங்கள், இந்த மருந்து அதை ஏற்றும்.

கே: வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்றால் எல்லோரும் "இல்லை" என்கிறார்கள். – மன்னார்குடி

ப: கேள்வியை மாற்றுங்கள். நம் பக்கத்தில் மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. டைக்ளோபினாக் போன்றவை மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். "நடவு முடிஞ்சு இடுப்பு வலிச்சா என்னம்மா போடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். சுருக்குப்பையிலிருந்து காகிதத்தில் மடித்த மாத்திரை வெளியே வரும். பெயர் தெரியாவிட்டால் அதை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள்.