ஒரே சாயலில் இரண்டு குதிரை ஈக்கள்

கேள்வி: மாட்டைக் கடித்துக்கொண்டிருந்த இரண்டு குதிரை ஈக்களைப் பிடித்து உலர வைத்திருக்கிறேன். இரண்டுமே சாம்பல் கலந்த பழுப்பு நிறம். ஒன்று சற்றுப் பெரியது. இவை வெவ்வேறு இனங்களா? உயிரோடிருந்தபோது ஒன்றின் கண்ணில் தெரிந்த கோடு இப்போது மறைந்துவிட்டதே, ஏன்?

பதில்: உடல் அளவை நம்பி முடிவு கட்டாதீர்கள், ஒரே இனத்திலேயே சிறியதும் பெரியதும் உண்டு. கடித்தவை என்பதால் இரண்டும் பெண் ஈக்களே. ஆண் ஈக்கள் இரத்தம் குடிப்பதில்லை, அவற்றின் கூட்டுக்கண்கள் நெற்றியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்.

முதலில் எந்தப் பேரினம் (நெருங்கிய இனங்களின் குழு) என்று அறிய இறக்கையைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் புள்ளியும் வளையமுமாக இருந்தால் பெரும்பாலும் ஹெமட்டோபோடா. குறுக்கே கரும்பட்டை இருந்தால் பெரும்பாலும் கிரைசாப்ஸ். நிறமின்றித் தெளிவாக இருந்தால் டபானஸ் அல்லது ஹைபோமிட்ராவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஹைபோமிட்ராவுக்குக் கண்களில் மென்மயிரும், உச்சந்தலையில் ஒரு சிறு புடைப்பும் இருக்கும். டபானஸுக்கு அந்தப் புடைப்பு இராது.

டபானஸ் என்று தெரிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. கைலென்ஸை எடுத்து, ஈயை நேர்முகமாகத் திருப்பி, இரு கண்களுக்கும் நடுவிலுள்ள நெற்றிப்பட்டையைப் பாருங்கள். அதன் அடிப்பகுதியில் மயிரில்லாமல் பளபளக்கும் காய்ப்பு ஒன்று தெரியும். அது சதுரமா, நீண்டதா, மேலே மெல்லிய கோடாக நீள்கிறதா, தனித்து நிற்கும் இன்னொரு காய்ப்பு உண்டா, பட்டையின் உயரம் அகலத்தைப்போல் எத்தனை மடங்கு என்பவையே நிறத்தைவிட நம்பத்தக்க அடையாளங்கள். உணர்கொம்பின் மூன்றாம் கணுவில் மேல்நோக்கி நிற்கும் பல்போன்ற முனையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கண்ணின் கோடு சாயமன்று. கண்ணின் மேலுறையிலுள்ள நுண்ணிய அடுக்குகள் ஒளியைத் திருப்புவதால் தோன்றுவது. உலர்ந்ததும் அடுக்குகள் சுருங்குவதால் அது மறைகிறது. ஈரப்பஞ்சு வைத்து மூடிய டப்பாவில் ஓர் இரவு வைத்தால் பல வேளை கோடு மீண்டும் தெரியும். கோட்டோடு கண்ணின் நிறத்தையும் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள்: ஐரோப்பாவின் டபானஸ் போவினஸ், டபானஸ் சுடெட்டிகஸ் என்னும் பெரிய ஈக்கள் இரண்டுக்குமே கோடு இல்லை, ஆனால் முன்னதன் கண் பச்சை, பின்னதன் கண் செம்புப் பழுப்பு, உலர்ந்த பின் அந்த வேறுபாடு கைகொடுக்காது. அடுத்த முறை, உயிருள்ள ஈயின் முகத்தை முதலில் படமெடுத்துவிடுங்கள்.