சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சரக்கு ரயில் ஒரே ஓட்டமாகப் போக முடியாதா?

முடியாது. பெட்டகங்கள் (கன்டெய்னர்கள்) போகும், அவற்றைச் சுமக்கும் வண்டி போகாது. காரணம் தண்டவாளத்தின் அகலம். சீனாவில் 1435 மி.மீ.; கசகஸ்தான், ரஷ்யா, பெலாரஸில் 1520 மி.மீ.; போலந்தில் மறுபடியும் 1435. வித்தியாசம் வெறும் 85 மி.மீ., ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். அதற்காகச் சீன-கசகஸ்தான் எல்லையில் கோர்கோஸ் போன்ற இடத்தில் ஒருமுறை, பெலாரஸ்-போலந்து எல்லையில் இன்னொரு முறை, ஒவ்வொரு பெட்டகத்தையும் கிரேன் தூக்கி வேறு வண்டியில் வைக்கிறது. நம் நாட்டில் குறுகலான மீட்டர் கேஜ் பாதைகள் இருந்த காலத்தில், அகலப் பாதை ரயிலுக்குச் சரக்கு இறக்கி ஏற்றியதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

சரி, இதில் அரசியல் எங்கே? மாற்றும் இடம் யார் கையில் இருக்கிறதோ, வழியும் அவர்கள் கையில்தான். 2025 செப்டம்பரில் போலந்து பெலாரஸ் எல்லையைச் சுமார் இரண்டு வாரம் மூடியது. முக்கியமான அந்தத் தடத்தில் சரக்கு ரயில்கள் அப்படியே நின்றன.

ரஷ்யாவைத் தவிர்க்க இன்னொரு வழியும் உண்டு: கசகஸ்தானின் அக்தாவ் துறைமுகம், காஸ்பியன் கடல், அஜர்பைஜானின் பாகு, ஜார்ஜியா. ஆனால் அதில் கப்பலில் ஏற்றி இறக்கும் வேலை கூடுதல்.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது பால்டிக் நாடுகள்தான். எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் சோவியத் காலத்து 1520 பாதையை வைத்துக்கொண்டே, போலந்தோடு இணைய 1435 மி.மீ. அகலத்தில் 'ரயில் பால்டிகா' என்ற புதிய பாதையைப் போடுகின்றன. செலவு ஆயிரம் கோடி யூரோவுக்கும் மேல். யாரோடு சேர்ந்திருக்க விரும்புகிறார்கள் என்பதை இரும்பிலேயே எழுதுகிறார்கள்.