டாப் 40-ல ராப் இல்லேன்னா ஹிப் ஹாப் முடிஞ்சு போச்சா?

கேள்வி: அண்ணா, 2025 அக்டோபர்ல பில்போர்டு டாப் 40-ல, அதான் அமெரிக்காவுல வாராவாரம் வர்ற ஹிட் பாட்டு லிஸ்ட்டோட (சார்ட்) முதல் 40 இடத்துல, ஒரு ராப் பாட்டு கூட இல்லன்னு நியூஸ் வந்துச்சே, 1990-க்கு அப்புறம் இதான் முதல் தடவையாம். ஹிப் ஹாப் கதை முடிஞ்சுதுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. சார்ட் அவ்ளோ முக்கியமா?
- கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: தம்பி, அந்த வாரம் என்ன நடந்துச்சுன்னு முதல்ல பாருங்க. ராப்பர் கென்ட்ரிக் லாமரும் பாடகி சிஸாவும் பாடின 'லூதர்', 13 வாரம் நம்பர் ஒன்ல உக்காந்திருந்த பாட்டு, முந்தின வாரம் வரைக்கும் 38-வது இடத்துல இருந்துச்சு. பழைய பாட்டுங்கள சீக்கிரமே லிஸ்ட்ல இருந்து தூக்குற மாதிரி பில்போர்டு ரூல மாத்துனதும் அது காணாம போயிடுச்சு, போதாக்குறைக்கு டெய்லர் ஸ்விஃப்டோட புது ஆல்பம் பாட்டுங்க வேற மேல அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. கேட்டுட்டு இருந்தவங்க ஒரே வாரத்துல எங்கயும் ஓடிப் போயிடல.

1991-ல இதே கதை தலைகீழா நடந்துச்சு. அதுவரைக்கும் ஆல்பம் சார்ட் எப்படி போட்டாங்கன்னா, கடைங்களுக்கு போன் பண்ணி எது நல்லா போகுதுன்னு கேப்பாங்க, கடைக்காரர் சொல்றதுதான் கணக்கு. மே மாசம் சவுண்ட்ஸ்கேன் வந்துச்சு, பில் போடறப்போ பார்கோடு ஸ்கேன் ஆகுமே, அத வச்சு எண்ண ஆரம்பிச்சாங்க. அடுத்த மாசமே என்.டபிள்யூ.ஏ-ங்கிற ராப் குழுவோட ஆல்பம் நம்பர் ஒன்! ஜனங்க முன்னாடியும் ராப் வாங்கிட்டுத்தான் இருந்தாங்க, கணக்குலதான் சரியா ஏறல.

அதுக்காக சார்ட் சும்மான்னு சொல்லமாட்டேன். அத பாத்துதான் லேபிள்காரங்க, அதான் பாட்டு கம்பெனிக்காரங்க, அடுத்த புதுப் பையனுக்கு அட்வான்ஸ் குடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்றாங்க, ரேடியோவும் அதத்தான் பாக்குது. ஆனா அது பணம் எந்தப் பக்கம் போகுதுங்கிற கணக்குதான், கலை உயிரோட இருக்கான்னு அது சொல்லாது. நியூயார்க் ப்ராங்க்ஸ்ல டி.ஜே. கூல் ஹெர்க்கோட பார்ட்டி, ஹிப் ஹாப் பொறந்த இடம்னு சொல்வாங்களே, அது நடந்தது 1973, அப்புறம் 6 வருஷம் டாப் 40-ல ராப்பே கிடையாது, ஆனா அந்த 6 வருஷத்துலதான் எல்லாமே உருவாச்சு. ராப்பர் நாஸோட 'இல்மாட்டிக்' ஆல்பம் 1994-ல ஆல்பம் சார்ட்ல 12-வது இடத்துல நுழைஞ்சுது, பத்து லட்சம் காப்பி கணக்கு தொடறதுக்கு 2001 ஆச்சு, இன்னைக்கும் ராப் எழுதக் கத்துக்கறவங்க அதத்தான் போட்டு போட்டு கேக்கறாங்க. மேட்வில்லன்ங்கிற ராப் ஜோடியோட 'மேட்வில்லனி' ஆல்பம் வந்தப்போ 179-வது இடத்த தாண்டல, என்னைக் கேட்டா 2004-ல வந்ததுல அதுதான் பெஸ்ட்.

லாஸ் ஏஞ்சல்ஸ் ராப்பர் நிப்ஸி ஹஸில் பண்ணதையும் சொல்லணும். 2013-ல 'க்ரென்ஷா'ங்கிற தன்னோட பாட்டுத் தொகுப்ப நெட்ல ஃப்ரீயா விட்டாரு, கூடவே 1000 சிடி மட்டும் போட்டு ஒவ்வொண்ணும் 100 டாலர்னு வித்தாரு, பெரிய ராப்பர் ஜே-சி மட்டும் 100 சிடி வாங்கினாரு. எந்த சார்ட்டும் இல்லாம ஒரு லட்சம் டாலர்.

எனக்கு நிஜமா வயித்தக் கலக்குறது வேற. அமெரிக்காவுல அட்லாண்டால ராப்பர் யங் தக் மேல நடந்த கேங் கேஸ்ல அவர் எழுதின வரிகளையே ஆதாரமா காட்டலாம்னு 2023 நவம்பர்ல ஜட்ஜ் அனுமதிச்சாரு. எழுதற பையன் இந்த வரி நாளைக்கு கோர்ட்ல படிக்கப்படுமோன்னு யோசிச்சு பேனாவ கீழ வச்சான்னா அதுதான் இழப்பு. கலிஃபோர்னியா 2022-லயே இதுக்குக் கடிவாளம் போட்டு சட்டம் கொண்டு வந்துடுச்சு, மத்த மாநிலங்களும் கொண்டு வரணும். ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சண்ட போடறதா இருந்தா இதுக்குப் போடுங்க தம்பி.