கடன் வாங்கிக் கணக்கில் காட்டினால் கனடா விசா கிடைக்குமா?

கேள்வி: நான் தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். கணவருக்கு மணலியில் வேலை, ஐந்து வயதில் ஒரு மகள். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்றத் திட்டம் வழியாக கனடா பி.ஆருக்கு (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) முயல்கிறோம். அங்கே குடியேறும் செலவுக்குக் காட்ட வேண்டிய பணத்தில் 9 லட்சம்தான் கையில் இருக்கிறது. மீதியை வட்டிக்கு வாங்கி ஆறு மாதம் பேங்கில் வைத்துக் காட்டச் சொல்கிறார் ஏஜென்ட். அதற்குப் பதில் கணவர் பெயரில் உள்ள வீட்டை விற்கலாமா? நாளைக்கு அங்கே குடியுரிமை வாங்கினால் இங்கே சொத்து வைத்திருக்க முடியுமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வட்டிக்கு வாங்கும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். கடன் வாங்கிய பணத்தைக் காட்டக் கூடாது என்று கனடா விதியே சொல்கிறது. பேங்க் தரும் கடிதத்தில் இன்றைய இருப்பு, ஆறு மாதச் சராசரி, பாக்கிக் கடன்கள் எல்லாம் இருக்க வேண்டும். போன மாதம் வரை 9 லட்சமாக இருந்த கணக்கு திடீரென்று 15 லட்சம் ஆனால், அந்தச் சராசரியே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். பொய்த் தகவல் என்று முடிவானால் ஐந்து வருடத் தடை. ஏஜென்டுக்கு ஒன்றும் ஆகாது, மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

எவ்வளவு வேண்டும்? 2025 ஜூலையில் அறிவித்தபடி மூன்று பேர் குடும்பத்துக்கு 23,360 கனடிய டாலர். டாலர் 65 ரூபாய் என்று வைத்தால் 15 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். வருடா வருடம் இதை மாற்றுவார்கள், விண்ணப்பிக்கும்போது மறுபடி பாருங்கள். 'முதலில் நீங்கள் மட்டும் போங்கள், ஒரு ஆளுக்குக் காட்டினால் போதும்' என்று சிலர் சொல்வார்கள். அதுவும் செல்லாது. கணவரும் குழந்தையும் உடன் வராவிட்டாலும் கணக்கில் சேருவார்கள்.

ஆக, குறைவது ஆறு லட்சம் சொச்சம். நகையை அடகு வைத்தால் அது கடன், விற்றால் உங்கள் பணம். சீட்டிலும் அப்படித்தான் பார்க்கிறேன்: முன்கூட்டியே தள்ளி எடுத்துவிட்டு மீதித் தவணை கட்டிக்கொண்டிருந்தால் கடன், கடைசிவரை கட்டி எடுத்தால் சேமிப்பு. அண்ணனோ மாமனாரோ திருப்பிக் கேட்காமல் உண்மையிலேயே கொடுத்தால், அன்பளிப்பு என்று எழுதி வாங்கி, பேங்க் வழியாகவே பெறுங்கள்.

வீட்டுக்கு வருவோம். வீட்டின் மதிப்பை இந்தப் பணத்துக்கு ஆதாரமாகக் காட்ட முடியாது, விற்றுக் கையில் வந்தால்தான் கணக்கு. ஆறு லட்சத்துக்காகத் தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டை விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விசா வராமல் போனால் அந்த விலைக்கு அதே தெருவில் திரும்ப வாங்க முடியுமா? ஆனால் என்றாவது விற்கத்தான் போகிறோம் என்று முடிவெடுத்தால், கணவர் வரிக் கணக்கில் என்.ஆர்.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியர்) ஆவதற்கு முன்பே விற்பது லாபம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு என்றால், இங்கே வசிப்பவர் பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம், கழிக்காமல் 12.5 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். என்.ஆர்.ஐ.க்கு அந்தச் சலுகை இல்லை. தவிர, வாங்குபவர் டி.டி.எஸ்.ஸாக, அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வரியாக, பெரிய தொகையைப் பிடித்துக்கொள்வார். ரீஃபண்டுக்கு அலைய வேண்டும்.

குடியுரிமை பற்றி இப்போதே கவலை வேண்டாம். பி.ஆர். கிடைத்தபின், விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் 1,095 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். வாங்கியதும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், இரட்டைக் குடியுரிமை நமக்குக் கிடையாது. வீடு உங்களுடையதாகவே இருக்கும். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) எடுத்தால் இன்னொரு வீடுகூட வாங்கலாம், விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மட்டும் வாங்க முடியாது. குடியுரிமையே வேண்டாம், பி.ஆர். போதும் என்றால் ஐந்து வருடத்துக்கு 730 நாள் அங்கே இருக்க வேண்டும்.

அப்புறம், மகள் பெயரில் செல்வமகள் கணக்கு இருந்தால், அவள் அங்கே குடியேறியபின் தொடர முடியாது. கிளம்பும்போது போஸ்ட் ஆபீஸில் சொல்லிவிடுங்கள்.

அந்த ஏஜென்டிடம் கனடாவின் குடியேற்ற ஆலோசகர் உரிம எண் கேளுங்கள். இணையத்தில் உள்ள பொதுப் பதிவேட்டில் அந்த எண் இல்லையென்றால், இதற்குமேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.