பணம் கூடினால் வளர்ச்சி குறைகிறதா?

வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம் அதிகமுள்ள நாடுகளில் வளர்ச்சி குறைவாகத் தெரிகிறது, இதைக் கட்டுரையில் எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டுப் பணத்தின் மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் ஊரில் சரியான வேலை இல்லாததால்தான் ஆள் வெளியே போகிறார். நிலநடுக்கம், வறட்சி என்றால் இன்னும் கூடுதலாக அனுப்புகிறார். மந்தம் முன்னே, பணம் பின்னே. வந்த பணம் ஜிடிபியில் (நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பில்) எத்தனை சதவீதம் என்ற விகிதத்தை எடுத்திருந்தால் இன்னொரு சிக்கல்: ஜிடிபி சுருங்கினாலே விகிதம் ஏறிவிடும். (நானும் இதில் ஏமாந்திருக்கிறேன்.) அப்புறம், இந்தியாவுக்கு வரும் தொகை உலகிலேயே அதிகம், ஆனால் ஜிடிபியில் சுமார் 3 சதவீதம்தான், நேபாளத்தில் கால்வாசியை ஒட்டி இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கெடுதலே இல்லை என்று சொல்லவில்லை. டாலர் குவிந்து உள்நாட்டு நாணயம் வலுத்தால், நம் பொருள் வெளிநாட்டாருக்கு விலை கூடி ஏற்றுமதி அடிவாங்கும். அதை நாணய மாற்று விகிதத்தை வைத்துத் தனியாகச் சோதித்துப் பாருங்கள்.